நடுக் காபரேட்டர் செய்த கரைச்சல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோழி கிளறிய நிலம் மாதிரி இருக்கும். பெயர்கள் மறந்துபோகும். முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு எழுதிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து நடுவில் செருகுவேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்து மலருக்கு ஆக்கள் எல்லாரும் தாங்கள் செய்த வேலையைப் பற்றி ஒவ்வொன்று எழுதித் தரவேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது நான் கடைசிக் கதிரையில் ஒரு பெரிய ஆளுக்குப் பின்னால் ஒளித்துத்தான் இருந்தேன். அப்படியும் பிடித்துவிட்டார்கள். டொக்டர்மாரும் எக்கவுண்டன்மாரும் எழுதுகிற மலரில் காபரேட்டர் கழுவின கதையை யார் வாசிப்பது என்று கேட்டேன். "அதைத்தான் அன்ரி முதல்லை வாசிப்பினம்" என்றார்கள். பகிடி பண்ணினார்களோ தெரியாது. கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

1. பாத்திரம் கழுவுகிற மாதிரித்தான்

பிரென்ட்ஃபோர்ட்டில் போட் ஓடுகிற கனால் ஓரமாகச் சேகர் தம்பி ஒரு பட்டறை வைத்திருந்தார். சின்னப் போட்களின் பின்பக்கம் கொழுவுகிற மோட்டர்களைத் திருத்துகிற இடம். அவர் கனகாலம் டென்மார்க்கில் இருந்து, அங்கே ஒரு துறைமுகத்தில் இந்த வேலையைப் பழகி, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர். வெஸ்ட் ஈலிங் கோயிலில் ஒருநாள் என்னைக் கண்டு, "மணியக்கா, பட்டறையைக் கூட்டித் துடைக்கவும் தேத்தண்ணி போடவும் ஒரு ஆள் வேணும். வாறியளோ?" என்று கேட்டார்.

"ஆக்களோடை கதைக்க வேணுமோ?"

"இல்லை அக்கா. போன் அடிச்சாலும் எடுக்கத் தேவையில்லை."

அந்தச் சொல்லுக்காகவே போனேன். அந்நிய ஆட்களோடு கதைக்கிறதென்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இங்கிலிஷில் என்றால் நாக்கே இல்லை.

முதல் நாள் கூட்டித் துடைத்து முடித்ததும், தம்பி ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கருவாட்டுக் குழம்பு அடிப்பிடித்த மாதிரிக் கறுப்பாக ஏதோ கிடந்தது. பழைய பெற்றோல் மணம் மூக்கைப் பிடுங்கியது.

"இது காபரேட்டர் அக்கா. பாத்திரம் கழுவுற மாதிரித்தான். பயப்பிடாதையுங்கோ."

நான் விம் எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கனாலில் நின்ற வாத்துகள் எழும்பிப் பறந்தன.

பிள்ளைகளுக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன். காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதற்குள் பெற்றோல் நிற்கும். கக்கூஸ் தொட்டிக்குள் மிதக்கிற பந்து மாதிரி ஒரு ஃபுளோட் அதில் மிதக்கும். பெற்றோல் நிரம்பினால் ஃபுளோட் மேலே வந்து ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். இறங்கினால் திறக்கும். மிச்சமெல்லாம் துவாரங்கள்தான். ஜெட் என்கிற பித்தளைத் திருகாணிகளில் துவாரம், உடம்பில் துவாரம், காற்றை இழுக்கிற வாயைச் சுற்றித் துவாரம். மயிர் போகிற அளவுத் துவாரங்கள். மோட்டரைக் கனநாள் ஓடாமல் போட்டுவைத்தால் உள்ளே நின்ற பெற்றோல் காய்ந்து பிசினாகி அந்தத் துவாரங்களை அடைத்துவிடும். அதைக் கழற்றி, கழுவி, ஒழுகாமல் இடையில் வைக்கிற புது கஸ்கட்டும் புது ஊசியும் போட்டுப் பூட்டுகிறதுதான் வேலை.

பாத்திரம் கழுவுகிற மாதிரி இல்லவே இல்லை. ஒரு துவாரத்துக்குள் கிளீனரை அடித்தால் அது நினையாத வேறு துவாரத்தால் வந்து கண்ணில் அடிக்கும். அதற்குப் பிறகு தம்பி ஒரு பெரிய கண்ணாடி தந்தார். அதைப் போட்டுக்கொண்டு நான் தேத்தண்ணி கொண்டுபோனால் கஸ்டமர்மார் டொக்டரைக் கண்ட மாதிரி எழும்பி நிற்பார்கள்.

2. தம்பியின் இரண்டு சட்டங்கள்

பட்டறையில் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று டென்மார்க்கில் இருந்து வந்தது, மற்றது கோயிலில் இருந்து வந்தது.

டென்மார்க் சட்டம் இது. ஒரு மோட்டருக்கு மூன்று காபரேட்டர் இருந்தால், ஒன்றைப் பூட்டி முடிக்காமல் மற்றதைத் திறக்கக் கூடாது. மேலே உள்ளதன் சாமான் மேல் தட்டில், நடுவில் உள்ளதன் சாமான் நடுத் தட்டில், கீழே உள்ளதன் சாமான் கீழ்த் தட்டில். ஒன்றின் ஜெட் மற்றதுக்குப் போகக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றாய் இருக்காது. எனக்கு இது பிடித்த சட்டம். மூன்று எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு வாங்கி வைத்தேன்.

"மூண்டு பிள்ளைக்குச் சோறு போடுற மாதிரி இருக்கு அக்கா" என்பார் தம்பி.

"ஓம், நடுப்பிள்ளைதான் எப்பவும் மிச்சம் வைக்கும்" என்பேன். தம்பியோடு மட்டும் எனக்கு இப்படிப் பகிடி வரும். அவர் வீட்டில் நடுப்பிள்ளை.

கோயில் சட்டம் என்னவென்றால், பட்டறையை விட்டு வெளியே போகிற எந்த மோட்டருக்கும் பூசை செய்யவேண்டும். துறைமுகத்தில் வெள்ளைக்கார முதலாளி இதற்கு விடவில்லையாம். அங்கே செய்யாமல் விட்ட பூசையெல்லாம் சேர்த்து இங்கே செய்தார். மேல்மூடியைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, செவ்வந்தி இதழ்களைப் பிய்த்துப் போட்டு அர்ச்சனை செய்வார். அதுவும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். "ஓடேக்கைதான் அதுக்கு உயிர் இருக்கு. உயிர் இல்லாததுக்கு என்ன பூசை?" என்பார். மோட்டரின் கால் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் நிற்க, அது டுபு டுபு என்று புகைவிட, தம்பி கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்ல, சங்கு ஒன்றுதான் குறை.

வெள்ளைக்காரக் கஸ்டமர்மாருக்கும் இதே பூசைதான். ஒருவர் அந்தச் சந்தனப் பொட்டைச் சோதித்துப் பார்த்ததற்கு வைக்கிற அடையாளம் என்று நினைத்துவிட்டார். அடுத்தமுறை பொட்டு அழிந்திருந்த மோட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து, இதைச் செக் பண்ண மறந்துவிட்டீர்கள் என்றார். தம்பி புதிதாய் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

3. நாதன் அண்ணையின் ஆசை

2009ஆம் ஆண்டு சித்திரை, வைகாசியில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் வேலையில் மனம் இருக்கவில்லை. ஊரில் யுத்தம் முடிந்த விதம் உங்களுக்குத் தெரியும். பட்டறையும் பாதிநாள் பூட்டித்தான் கிடந்தது. கோடை நடுவில்தான் திரும்ப வேலை தொடங்கினோம். அப்போது வந்தவர் நாதன் அண்ணை.

அவருக்கு ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை. யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் வருசக்கணக்காகப் புல்லுக்குள் கிடந்த ஒரு சின்ன ஃபைபர் போட்டை வாங்கிவிட்டார். அதன் மோட்டர் பழைய காலத்து டூ ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று காபரேட்டர். கிங்ஸ்டன் பக்கத்தில் ஆற்றில் ஒரு இடம் எடுத்துப் போட்டைக் கட்டியும் வைத்துவிட்டார். கடை வான் வண்டியில் மோட்டரைக் கொண்டுவந்து இறக்கும்போது மனைவி சரோவும் கூட வந்தாள். வானை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"தம்பி, இந்தாளுக்கு நீச்சல் தெரியாது. ஸ்விம்மிங் பூலிலை முழங்கால் தண்ணியிலை நிண்டு படம் எடுத்தவர். இவருக்குக் கண்டறியாத போட்டு!"

"சும்மா இரும் சரோ" என்றார் நாதன் அண்ணை. பிறகு எங்களுக்குக் கிட்டே வந்து மெல்லமாகச் சொன்னார். "தம்பி, இவளை ஒருக்கா எண்டாலும் தண்ணியிலை கூட்டிக்கொண்டு போகவேணும். ஃபெரி ஏறமாட்டாள். பார்க்கிலை பிள்ளையள் மிதிக்கிற அன்னப் போட் இருக்கெல்லோ, அதுகும் ஏறமாட்டாள். கெஞ்சிக் கெஞ்சி ஒருக்கா வாறன் எண்டு சொல்ல வைச்சிருக்கிறன். மோட்டர் நிக்காமல் ஓடினால்தான் ஏறுவாளாம். ஒருக்கா நிண்டாலும் பிறகு கேக்கக் கூடாதாம்."

"பெற்றோல் காய்ஞ்சு பிசினாய்ப் போயிருக்கு அண்ணை. மூண்டையும் கழட்டிப் பூட்டினால் புதுசு மாதிரி ஓடும்" என்றார் தம்பி.

செய்தோம். நான் மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு என்று வைத்துக் கழுவினேன். இறப்பர் சாமான்களை முதலே கழற்றி, ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவிட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துத் துவாரத்தால் பார்த்தேன். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, குத்தினால் துவாரம் பெருத்துவிடும். தம்பி புது ஊசி போட்டு, கவிழ்த்துப் பிடித்து ஃபுளோட் மட்டம் பார்த்து, மூன்றின் காற்றுக் கதவுகளும் ஒன்றாய்த் திறக்கிற மாதிரி இணைத்தார். பீப்பாவில் விட்டு ஓட்டினால் பூனை உறுமுகிற மாதிரி ஓடியது. பூசை செய்தோம். கொண்டுபோனோம்.

ஆற்றங்கரையில் சரோ கைப்பையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். "முதல்லை நீங்கள் ஓடிக் காட்டுங்கோ" என்றாள். நாதன் அண்ணை ஏறினார். மோட்டர் ஸ்டார்ட் வந்தது. வேகமாக விட்டால் ஓடியது. திருப்பிக் கரைக்கு வர வேகத்தைக் குறைத்ததும் புகைந்து, விக்கி, நின்றுவிட்டது. அவர் ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்த இழுவையில் தொப்பி ஆற்றில் விழுந்தது. கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கனூவில் வந்து அவரை இழுத்துக் கரையில் விட்டான்.

சரோ கைப்பையைத் தோளில் கொழுவினாள். பஸ் ஸ்டொப்பைப் பார்த்து நடந்துவிட்டாள்.

4. பூசை கூடுகிறது

தீப்பொறி கொடுக்கிற பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நடு பிளக் மட்டும் பெற்றோலில் குளித்திருந்தது. அப்படியென்றால் நடுக் காபரேட்டர் பெற்றோலைக் கூடக் கொடுக்கிறது. ஊசி ஒழுகுகிறதோ, ஃபுளோட் மட்டம் பிழையோ என்று தம்பி திரும்பத் திறந்தார். நான் திரும்பக் கழுவினேன். ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் ஊசியை மாற்றினார். பீப்பாவில் விட்டோம். பூனை உறுமியது.

"அக்கா, போனமுறை நான் அவசரத்திலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கேல்லை. அதுதான்" என்றார்.

இந்தமுறை தேங்காய் உடைத்தார். செவ்வந்தியும் கூட. ஒரு பை நிறையக் கொண்டுவந்து இதழ் இதழாகப் போட்டார். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். வேகத்தைக் குறைத்ததும் புகைந்து, விக்கி, நின்றது. நல்லகாலம் இந்தமுறை போட் கட்டித்தான் இருந்தது.

இப்போது சரோ வாயைத் திறந்தாள். "இஞ்சருங்கோ, நான் சொன்னது சொன்னதுதான். ஆனா தம்பியும் அக்காவும் இவ்வளவு கஷ்டப்படினம். இன்னும் ஒருக்கா. அதுக்குப் பிறகு இதை வித்துப்போட்டுக் கடைக்கு ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்குங்கோ."

நாதன் அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. போட் போகிறதென்று அல்ல. அவளை ஏற்ற வைத்திருந்த ஒரே ஒரு வாய்ப்பு போகிறதென்று.

தம்பிக்கு வெட்கம். டென்மார்க்கில் பெரிய பெரிய எஞ்சின் எல்லாம் பார்த்தவர். மூன்றாம் தரம் நடுக் காபரேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அதோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். "உனக்கு என்னடா பிரச்சினை? சொல்லு. மேலை இருக்கிறவன் ஓடுறான், கீழை இருக்கிறவன் ஓடுறான், உனக்கு மட்டும் என்ன?"

"நடுப்பிள்ளையை அப்பிடி ஒப்பிட்டுப் பேசக் கூடாது தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன்.

5. சரோ பட்டறைக்கு வந்த நாள்

மூன்றாம் தரம் பூட்டி முடிக்கிற அன்று சரோவும் கூட வந்தாள். "என்னதான் செய்யிறியள் எண்டு பாக்க வேணும்" என்றாள். நாதன் அண்ணையும் தம்பியும் மோட்டரோடு நிற்க, அவள் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெற்றோல் கானைக் கவிழ்த்து இருந்தாள். நான் கதைக்கவில்லை. அது அவளுக்கு வசதியாய்ப் போய்விட்டது போல, அவளே கதைத்தாள்.

"அக்கா, சண்டைக்காலத்திலை நாங்கள் ஊரிலை இருந்து இந்தியாவுக்குப் போட்டிலைதான் போனனாங்கள். நடுக்கடலிலை மோட்டர் நிண்டிட்டுது. ஓட்டி கயித்தை இழு இழு எண்டு இழுத்தான். பிறகு காலாலை உதைஞ்சான். பிறகு எங்களை எல்லாம் கும்பிடச் சொன்னான். கும்பிட்டம். விடியப்போகேக்கை அது தன்பாட்டிலை ஸ்டார்ட் வந்திது. ஏன் நிண்டது எண்டு கேட்டன். 'வாயை மூடிக்கொண்டு இருங்கோ அம்மா' எண்டான். நான் பிடிச்ச பிடியிலை இந்தாளின்ரை கையிலை நகம் பட்ட அடையாளம் இப்பவும் இருக்கு, கேட்டால் காட்டுவார். அண்டையிலை இருந்து எந்த மோட்டர் சத்தம் கேட்டாலும் என்ரை காது, இது எப்ப நிக்கும், எப்ப நிக்கும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கும்."

 ஒரு பிஸ்கற் நீட்டினேன். எடுத்துச் சாப்பிட்டாள்.

அப்போது பீப்பாவில் மோட்டர் உறுமத் தொடங்கியது. தம்பி பெரிய தட்டத்தோடு வந்தார். இந்தமுறை கோயிலில் இருந்து தீர்த்தமும், வாளி நிறையச் செவ்வந்தியும். கண்ணை மூடினார். மந்திரம் தொடங்கினார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, இதழ்களைப் பிடி பிடியாக மோட்டரை நோக்கிப் போட்டார்.

வழமையாகப் பூசை முடிந்த கையோடு மோட்டரை நிறுத்திவிடுவார். அன்று கையை நீட்டினபோது சரோ, "தம்பி, நிப்பாட்டாதையுங்கோ. கொஞ்சம் கேக்கவேணும்" என்றாள். எழும்பிக் கிட்டே வந்தாள். அந்தக் காது பார்க்கிற பார்வையோடு மோட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மோட்டர் ஒருதரம் விக்கியது. பிறகு புகைந்தது. பிறகு நின்றது.

 நாதன் அண்ணை கையைத் தலையில் வைத்தார். சரோ மட்டும் மோட்டரையே பார்த்துக்கொண்டு, "தம்பி, உது பூவைச் சாப்பிட்டதெல்லோ?" என்றாள்.

"என்னக்கா?"

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிண்டியள். நான் திறந்துகொண்டு நிண்டனான். பூ உதுக்குள்ளை போனது."

மேல்மூடிக்கு உள்ளே, மூன்று காபரேட்டர்களின் வாய்க்கும் முன்னால் ஒரு காற்றுப் பெட்டி மூடி இருக்கிறது. மற்ற மோட்டர்களுக்குத் தம்பி அதைப் பூட்டிவிட்டுத்தான் பூசை செய்வார். இதற்கு மட்டும், ஆற்றங்கரையில் மெதுவாக ஓடுகிற வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்குரூவைக் கடைசியாகத் திருத்தவேண்டும் என்று, மூடியைக் கழற்றியே வைத்திருந்தார். மூன்று வாயும் 'ஆ' என்று திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. நடுவில் உள்ளது சரியாகத் தம்பியின் கை வீசுகிற உயரம்.

தம்பியின் முகம் குங்குமத் தட்டத்தை விடச் சிவந்தது. இருந்தாலும் விடவில்லை. "இல்லையக்கா, உது ஃபுளோட் ஊசியாய்த்தான் இருக்கும். பழைய மோட்டர்தானே. மணியக்கா, நடுவைக் கழட்டுங்கோ, பாப்பம்" என்றார். சொல்லிக்கொண்டே எனக்குக் கண்ணால் ஒரு சைகை காட்டினார். பூவைக் கண்டால் வாயைத் திறக்காதையுங்கோ என்று அதற்கு அர்த்தம்.

கழற்றினேன். வாய்க்குள் பார்த்தேன். வாயின் உள்விளிம்பில் காற்றுப் போகிற மயிர்த் துவாரம் ஒன்று உண்டு. மெதுவாக ஓடும்போது அதால்தான் காற்று வந்து பெற்றோலோடு கலக்கவேண்டும். ஈரமான ஒரு செவ்வந்தி இதழ் அதன் மேல் ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று வராவிட்டால் பெற்றோல் மட்டும் வரும். பிளக் குளிக்கும். மோட்டர் நிற்கும். முதல் இரண்டு தரமும் நாங்கள் கழற்றிக் கழுவும்போது இதழ் கறுப்புத் தண்ணீரோடு போய்விட்டது. சுத்தமான காபரேட்டரில்தான் திரும்பத் திரும்பப் பிழை தேடினோம்.

தம்பி என்னைப் பார்த்தார். சரோவும் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதையுங்கோ என்பது எனக்குச் சொல்லத் தேவையில்லாத வார்த்தை. எனக்கு எப்படியும் வாய் வராது. ஆனால் அவள் அந்தக் கானில் இருந்து சொன்ன கதை என் காதுக்குள் நின்றது. ஏன் நின்றது என்று ஒருவனும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இதழைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து அவளுக்கு நீட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டு கானில் இருந்தாள். "ஐயோ தம்பி, ஓடாது ஓடாது எண்டு பூசையைக் கூட்டிக் கூட்டி, அதின்ரை மூச்சை அடைச்சுப்போட்டியளே! சாமிக்கே விளங்கியிருக்காது, உவர் என்ன கேக்கிறார் எண்டு!"

நாதன் அண்ணை சிரிக்கவா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். தம்பி ஊதுபத்தியை அணைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் சரோ என்னிடம் கேட்டாள். "அப்ப அண்டைக்கு நடுக்கடலிலை நிண்டதும் ஏதோ இப்பிடி ஒரு சின்னச் சாமானாலைதான் இருக்கும், என்ன அக்கா?"

"இருக்கலாம்" என்றேன். "எண்ணெய்க்குள்ளை தண்ணி, இல்லாட்டி ஊத்தை. ஜெட்டிலை வந்து இருந்திருக்கும். பிறகு தன்பாட்டிலை விலகியிருக்கும்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததைப் பார்த்துத் தம்பி வாயைப் பிளந்தார்.

"எங்கை, அந்த ஜெட்டைக் காட்டுங்கோ."

எடுத்துக் கையில் வைத்தேன். யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அந்தத் துவாரத்தைக் கனநேரம் பார்த்தாள். "இவ்வளவுதானோ?" என்றாள். "இவ்வளவுக்குத்தானோ அவ்வளவு பயந்தனாங்கள்?" பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பூட்டுங்கோ. சனிக்கிழமை வாறன்" என்றாள்.

6. சனிக்கிழமை

காற்றுப் பெட்டி மூடியைப் பூட்டித்தான் கொண்டுபோனோம். தம்பி பழக்கதோசத்தில் ஒரு பையோடு வந்திருந்தார். சரோ பையைக் கண்டதும், "தம்பி, கும்பிடுங்கோ. நான் வேண்டாம் எண்டேல்லை. ஆனா போட்டிலை இருந்து ஆறடி தள்ளி நிண்டு கும்பிடுங்கோ" என்றாள்.

ஏறும்போது நாதன் அண்ணையின் கையைப் பிடித்தாள். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் சாறித் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். முன்னால் இருக்கச் சொன்னால் மாட்டேன் என்று மோட்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். மெதுவாகப் போனார்கள். வேகத்தைக் குறைத்தார்கள், கூட்டினார்கள். மோட்டர் ஒழுங்காக ஓடியது. வளைவில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

தம்பி என் கையைப் பிடித்தார். "அக்கா, நிண்டிட்டுது."

நான் காதைக் கூர்மையாக்கினேன். ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"நான் ஒரு பூவும் போடேல்லை அக்கா. அம்மன் சத்தியமாய்!"

"தெரியும் தம்பி."

"போச்சு. அந்த மனுசி இனி ஜென்மத்துக்கும் ஏறாது. நாதன் அண்ணையின்ரை மற்றக் கையும் போச்சு." நகம் பட்ட கையை நாதன் அண்ணை அவருக்கும் காட்டியிருந்தார்.

கரையோரம் மேலும் கீழும் நடந்தார். யாரிடமாவது போட் இரவல் கேட்கலாமோ என்றார். நான் அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு நின்றேன். பூ இல்லாமல் வெறும் வாயால்தான். அப்போது மரங்களுக்குப் பின்னால் கயிறு இழுக்கிற சத்தம் ஒருதரம் கேட்டது. இன்னொருதரம். பிறகு மோட்டர் பிடித்துக்கொண்டது.

வளைவால் திரும்பி வந்தார்கள். நாதன் அண்ணை முன்னால் இருந்தார். பின்னால் மோட்டரின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு சரோ. போட் நேராக வரவில்லை, பாம்பு போகிற மாதிரித்தான் வந்தது. ஆனால் வந்தது.

தம்பி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். "என்ன அக்கா நடந்தது? ஏன் நிண்டது?"

"அது நிக்கேல்லை தம்பி. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்" என்றாள் சரோ. "ஒருக்கா நாங்கள் சொல்லி நிக்கட்டும் எண்டு. நிண்டிது. கொஞ்சநேரம் சும்மா இருந்தம். பிறகு நானே இழுத்து ஸ்டார்ட் பண்ணினன்."

 நாதன் அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீர் தெறித்ததாம்.

நான் படித்தது

அதற்குப் பிறகு பட்டறையில் ஒரு மூன்றாவது சட்டம் வந்தது. யாருடைய மோட்டர் என்றாலும், எதனால் நின்றது என்று அந்தச் சாமானைக் கையில் கொடுத்துக் காட்டவேண்டும். அடைத்த ஜெட் என்றால் ஜெட். வெடித்த கஸ்கட் என்றால் கஸ்கட். எங்கள் பிழை என்றால் எங்கள் பிழையை. கஸ்டமர் சிரித்தால் சிரிக்கட்டும். எந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ. ஓடவைத்துக் கொடுத்தால் போதாது. ஏன் நின்றது என்று தெரியாத ஆள் ஓடுகிறதையும் நம்பமாட்டார்.

தம்பி பூசையை விடவில்லை. மூடியைப் பூட்டிவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறார்.

இதில் பிழை இருக்கும். அந்த மயிர்த் துவாரத்துக்கு இங்கிலிஷில் ஒரு பெயர் உண்டு, எனக்கு நினைவில்லை. அது வாயின் மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ என்பதிலும் எனக்குச் சந்தேகம். மலரில் போடுவதற்கு முன்னால் யாராவது சேகர் தம்பியிடம் கேட்டுத் திருத்திவிடுங்கோ. பூவைப் பற்றிக் கேட்டால் அவர் வேறு விதமாகச் சொல்லுவார், அதை மட்டும் நம்பவேண்டாம். கடலில் நடந்ததை நான் ஒருதரம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதியைச் சரோவுக்கு வாசித்துக் காட்டி, சரி என்று அவள் சொன்னால் மட்டும் போடுங்கோ.